பழைய வால்வு ரேடியோவுக்கு அதன் மர ஸ்டாண்டைத் திரும்பச் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் தாத்தா காலத்து வால்வு ரேடியோவை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ரேடியோ இருக்கும், அது நின்ற மர ஸ்டாண்டு இருக்காது. வீடு மாறியபோது விறகாகப் போயிருக்கும், இல்லையென்றால் மேலே பூந்தொட்டி ஏறி மழையில் உளுத்திருக்கும். நான் ஜார்ஜ்டவுனில் ரேடியோ பழுதுபார்க்கிறவன், தச்சன் இல்லை. ஆனால் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு சீனத் தச்சரோடு சேர்ந்து இதுவரை ஐந்து ஸ்டாண்டு செய்திருக்கிறேன். நான்கு பரவாயில்லை. ஒன்று சொதப்பல், அதையும் கீழே சொல்கிறேன். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவைதான்.

‘ஒரிஜினல் ஸ்டாண்டு’ என்றால் கம்பெனி ரேடியோவோடு சேர்த்துக் கொடுத்ததா?

சில ரேடியோவுக்கு அப்படி. தரையில் நிற்கும் கன்சோலுக்கும் ரேடியோகிராமுக்கும் (இசைத்தட்டுப் பெட்டியும் சேர்ந்த ரேடியோ) கால் கூடவே வந்தது. 1950-களின் கடைசியில் வந்த ரேடியோகிராம்களில் சாய்வான கூம்புக் கால்களைத் திருகிக் கழற்றலாம், நுனியில் பித்தளைப் பூண் இருக்கும். உங்களுடையது அந்த வகை என்றால், அதே மாடல் படத்தைத் தேடிப் பிடித்து அப்படியே கடைந்துவிடலாம்.

ஆனால் நம் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் மேசை ரேடியோக்கள். அவற்றைக் கம்பெனி பெட்டியாக மட்டும்தான் விற்றது. எதன்மேல் வைப்பது என்பது வாங்கியவர் பாடு. வாங்கியவர் தெருமுனைத் தச்சரைக் கூப்பிட்டு, “இதுக்கு ஒரு கால் செஞ்சு கொடு” என்பார். பினாங்கு வயர்லெஸ் சொசைட்டி 1934-லேயே தமிழ் உட்பட நான்கு மொழிகளில் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. 1946-ல் ரேடியோ மலாயா வந்தது. அந்தக் காலத்தில் ரேடியோ வாங்குவது சின்னச் செலவு இல்லை. முன்னறையில் சாமி படத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான். அதை வெறும் ஸ்டூலில் வைக்க யாருக்கும் மனம் வராது.

அதனால் என் கணக்கில் ஒரிஜினல் என்பது, அந்த வீட்டில் அந்த ரேடியோவுக்குக் கீழே நின்றது. தெருத் தச்சர் மெராந்திப் பலகையில் அடித்துக் கொடுத்தது என்றால் அதுதான் ஒரிஜினல். லண்டன் வீட்டுப் படம் ஒன்றைக் காட்டி, “இதேபோல வேண்டும்” என்று வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். அது அழகாகவே இருக்கும். ஆனால் அது உங்கள் தாத்தாவின் ஸ்டாண்டு இல்லை.

ஸ்டாண்டும் இல்லை, படமும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

ரேடியோவைக் கவிழ்த்துப் பாருங்கள். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், போர்வையை மடித்து மேசைமேல் விரியுங்கள், பெட்டியை மெதுவாக முகம் குப்புறச் சாய்த்து வையுங்கள். குமிழ்கள் அழுந்தாமல் இரண்டு பக்கமும் தலையணை கொடுங்கள்.

இப்போது அடிப்பலகையை டார்ச் லைட்டைப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதுதான் தடங்கள் எழுந்து வரும். போன வருடம் வந்த ஒரு பிலிப்ஸ் பெட்டியில் நான்கு ரப்பர் கால்களில் மூன்று இறுகிக் கல்லாகியிருந்தன, நான்காவது விழுந்திருந்தது. ரப்பர் கால்களுக்கு வெளியே, முன் விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, இடமிருந்து வலமாக ஒரு நேர்க்கோடு. விரலை வைத்தால் லேசான பள்ளம். பின்பக்கமும் அதேபோல இன்னொன்று. அப்படியானால் அந்த ஸ்டாண்டுக்கு மேல் பலகையே இருந்திருக்காது. இரண்டு குறுக்குச் சட்டங்களின்மேல்தான் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரருக்கு ஆச்சரியம். அவருடைய அம்மாவிடம் போனில் கேட்டபோது, “ஆமா, அடியில கைய விட்டுத் துடைப்போமே” என்றார்.

அடியில் வெளுத்த இடமும் கருத்த இடமும் பிரிந்து தெரிந்தால், கருக்காத இடத்தைப் பலகை மூடியிருக்கிறது என்று அர்த்தம். பின்பக்க அட்டையில் ஒரு பக்கம் மட்டும் உராய்ந்திருந்தால் ஸ்டாண்டுக்குப் பின் தடுப்பு இருந்திருக்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் “ஸ்டாண்டு எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள், “நல்லா இருந்துச்சு” என்பார்கள். “எதால் துடைப்பீர்கள், அடியில் என்ன வைப்பீர்கள், நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குமிழ் எட்டுமா?” என்று கேளுங்கள். அளவு தானாக வரும்.

ஒரே ஒரு கல்யாணப் படத்தில் ஓரமாகத் தெரிகிறது. அதை வைத்து அளவு எடுக்க முடியுமா?

முடியும். ரேடியோ உங்கள் கையில் இருக்கிறது, அதுதான் அளவுகோல். ரேடியோவின் அகலம் 52 செ.மீ., படத்தில் அது 6.5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மடங்கு. படத்தில் முன்கால் 8.5 செ.மீ. என்றால் நிஜத்தில் 68 செ.மீ.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு ரேடியோவின் முகப்பு இருக்கும் தளத்தில் உள்ளவற்றுக்கு மட்டுமே பொருந்தும். பின்கால் கேமராவிலிருந்து தள்ளி இருப்பதால் சின்னதாகத் தெரியும். அதையும் எட்டால் பெருக்கினால் குட்டையான பின்கால் வரும், ரேடியோ வானத்தைப் பார்க்கும். படம் பக்கவாட்டிலிருந்து எடுத்தது என்றால் அகலம் சுருங்கித் தெரியும், உயரம் அவ்வளவு மாறாது. அப்போது ரேடியோவின் உயரத்தை அளவுகோலாக எடுங்கள்.

இன்னொன்று. பழைய ஸ்டாண்டுகள் அங்குலக் கணக்கில் செய்தவை. உங்கள் கணக்கு 67.3 செ.மீ. என்று வந்தால் அது அநேகமாக இருபத்தாறரை அங்குலம். பலகை 19 மி.மீ. என்றால் முக்கால் அங்குலம், கால் 32 மி.மீ. என்றால் ஒன்றேகால் அங்குலம். பக்கத்து அங்குல அளவுக்குக் கொண்டுவந்தால் படத்தின் சின்னப் பிழைகள் தாமாகவே சரியாகும்.

கீழே ஒரு தட்டு இருந்ததாக அம்மா சொல்கிறார். எதற்கு?

வீடு எங்கே இருந்தது என்று கேளுங்கள். தோட்டத்தில் (எஸ்டேட்டில்) என்றால் அது பேட்டரித் தட்டு.

மின்சாரம் வராத தோட்டங்களில் ரேடியோ பேட்டரியில்தான் ஓடியது. அந்தச் செட்டுகளுக்கு இரண்டு மின்சாரம் வேண்டும்: வால்வின் இழையைச் சூடாக்க 1.5 வோல்ட், வால்வு வேலை செய்ய 90 வோல்ட். இரண்டையும் ஒன்றாக அடைத்த உலர் பேட்டரிக் கட்டி செங்கல்லைப்போல கனக்கும். சில பெட்டிகளுக்குள்ளேயே அதற்கு இடம் உண்டு, சிலவற்றில் வெளியேதான் வைக்க வேண்டும். கிராணியார் (தோட்டத்து எழுத்தர்) வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லயத்துச் சனமெல்லாம் வாசலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள் என்றால், அந்த ரேடியோவுக்குக் கீழே துணி மறைப்புக்குப் பின்னால் பேட்டரி இருந்திருக்கும். தீர்ந்துபோனால் டவுனுக்குப் போய் வாங்கிவரும்வரை வீடு ஊமைதான்.

எனவே கீழ்த்தட்டு என்றால் மெல்லிய பிளைவுட் போதாது. முக்கால் அங்குலப் பலகை போடுங்கள், பின்பக்கம் ஒயர் நுழைய இடைவெளி விடுங்கள். பட்டணத்து வீடு என்றால் அந்தத் தட்டில் பத்திரிகையும் வெற்றிலைத் தட்டும்தான் இருந்திருக்கும், அரை அங்குலம் போதும்.

1950-களில் ரீடிஃபியூஷன் இருந்த வீடுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அது கம்பி வழியாக வந்த வானொலி. சின்னப் பெட்டி, சுவரிலோ அலமாரியிலோ உட்காரும். அதற்கு ஸ்டாண்டு தேட வேண்டாம்.

உயரம் ஒன்றுமே தெரியவில்லை என்றால்?

பிரம்பு நாற்காலியில் உட்காருங்கள். நிலையங்களின் பெயர் எழுதிய கண்ணாடி கண்ணுக்குச் சற்றுக் கீழே, குமிழ் கைக்கு எட்டும் இடத்தில் வரவேண்டும். நான் செய்த ஐந்தும் 24-லிருந்து 28 அங்குலத்துக்குள் அடங்கின.

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு ஸ்டாண்டு பார்த்தேன். வியாபாரி 1950-களுடையது என்கிறார். நம்பலாமா?

கீழே குனிந்து பார்த்துவிட்டு நம்புங்கள். மேலே பாலிஷ் யாரும் போடலாம். அடிப்பக்கம் பொய் சொல்லாது.

ரப்பர் மரமா என்று பாருங்கள். வெளிர் மஞ்சள், குட்டைக் குட்டையான பழுப்புக் கோடுகள். ரப்பர் மரத்தில் மேசை நாற்காலி செய்வது இங்கே பெருந்தொழிலானது 1980-களையொட்டித்தான். அதற்கு முன்னால் பால் வடிந்து ஓய்ந்த மரம் விறகுக்குத்தான் போகும். ஆகவே ரப்பர் மர ஸ்டாண்டு 1950-களுடையது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) தெரிந்தாலும் அதே கதை. திருகாணியின் தலையில் ஒரே கோடு என்றால் நல்ல அறிகுறி. கூட்டல் குறித் தலை என்றால் பின்னாளில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது முழுதுமே புதிது. மூட்டில் சொட்டி உறைந்த பசை பழுப்பாக, கண்ணாடித் துண்டுபோல உடைந்தால் பழைய வச்சிரப் பசை. வெள்ளையாக ரப்பர் மாதிரி வளைந்தால் புதியது.

விலை கேட்கும்போது கையில் ரேடியோ படத்தைக் காட்டாதீர்கள். ‘ரேடியோ ஸ்டாண்டு’ என்று தெரிந்ததும் விலை ஏறும். ‘பூந்தொட்டி வைக்க’ என்று கேட்டால் வேறு விலை. இதைச் சொன்னதற்கு வியாபாரி நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், சரி.

எந்த மரம் வாங்குவது?

இதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், பழைய துண்டு ஏதாவது மிஞ்சியிருந்தால் அதன் வெட்டுமுகத்தைக் கூரான பிளேடால் மெல்லியதாகச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். வளைவு வளைவாக மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் மெராந்தி வகை. அந்தக் கோடுகள் பிசின் குழாய்கள். தேக்கு என்றால் சீவியதும் எண்ணெய்ப் பசையோடு தோல் மாதிரி ஒரு வாசனை வரும், ஒரு தடவை முகர்ந்தவர் மறக்க மாட்டார். நியாத்தோ இளஞ்சிவப்பாக, நெருக்கமான இழையோடு இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மகோகனி என்று ஏமாறலாம்.

மரம் தெரியாவிட்டால் நான் நியாத்தோவைத்தான் சொல்வேன். இழைப்புளிக்கு நன்றாக வழிவிடும், சிவப்பும் பழுப்பும் நன்றாகப் பிடிக்கும். சில நியாத்தோவில் மணல்சத்து இருப்பதால் உளியின் கூர் சீக்கிரம் போகும், தச்சர் முணுமுணுப்பார். மெராந்தி மலிவு, ஆனால் துளைகள் பெரிது. பாலிஷுக்கு முன் துளை அடைக்காவிட்டால் பளபளப்பில் குழிகுழியாகத் தெரியும். ‘செங்கால் மரம் போடலாமா, நூறு வருஷம் நிற்குமே’ என்று கேட்பவர்கள் உண்டு. செங்கால் வீட்டுத் தூணுக்கு. ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் கனக்கிற மரத்தில் பத்து கிலோ ரேடியோவுக்குக் கால் செய்வது, எலிக்குக் கோயில் கட்டுகிற வேலை.

தேக்கு? தாய்லாந்து 1989-ல் இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தியது, மியான்மார் 2014-ல் மரத்தைத் தடியாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. புதுத் தேக்கின் விலையைக் கேட்டால் ரேடியோவையே விற்கத் தோன்றும். பழைய தேக்குக்குத்தான் வழி உண்டு. 2008-ல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியபின் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கும் வேலை நிற்காமல் நடக்கிறது. கழித்துப்போடும் கதவுச் சட்டம், உடைந்த மேசைக் கால் என்று துண்டுகள் கிடைக்கும். ஐம்பது அறுபது வருடம் இந்த ஊர்க் காற்றில் காய்ந்த மரம், இனி அது முறுக்காது. வாங்கினால் காந்தத்தை வைத்து முழுக்கத் தடவுங்கள். நான் தடவாமல் கொண்டுபோன சட்டத்தில் உடைந்த ஆணி ஒன்று உள்ளே இருந்தது. தச்சருடைய இழைப்பு இயந்திரத்தின் கத்தியில் பல் விழுந்தது. மூன்று வாரம் அவர் என் போனை எடுக்கவில்லை.

புது மரம் என்றால் வாங்கிய அன்றே வெட்டாதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் திறந்த அறையில் கிடக்கும் மரத்தில் 15 சதவீதத்தையொட்டி ஈரம் நிற்கும். ஏர்கான் ஓடும் அறையில் இன்னும் குறையும். நான் செய்த சொதப்பல் இதுதான். மழைக்காலத்தில் கடையிலிருந்து வந்த மெராந்திப் பலகையை அந்த வாரமே இழைத்து, மேல் பலகையைச் சட்டத்தில் பசையும் திருகாணியுமாக இறுக்கி முடித்தோம். வீட்டுக்காரர் அதை ஏர்கான் அறையில் வைத்தார். நாலு மாதத்தில் பலகை நடுவில் பிளந்தது, துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம் கேட்டதாம். இப்போதெல்லாம் ஸ்டாண்டு நிற்கப்போகும் அறையிலேயே பலகையை மூன்று நான்கு வாரம் போட்டு வைக்கிறோம். மேல் பலகையில் பசை இல்லை. நீள்துளையில் திருகாணி மட்டும், பலகை நகர இடம் இருக்கட்டும்.

ரேடியோ வால்நட் நிறத்தில் இருக்கிறது. ஸ்டாண்டும் வால்நட்டில் வேண்டாமா?

உங்கள் ரேடியோவே முழு வால்நட் இல்லை. பெரும்பாலும் பிளைவுட்மேல் ஒட்டிய மெல்லிய வால்நட் வெனீர்தான். அடியில் பார்த்தால் வேறு மரம் தெரியும். இந்த ஊர்த் தச்சர் செய்த ஸ்டாண்டு, இந்த ஊர் மரத்தில் வால்நட் சாயம் ஏற்றியதாகத்தான் இருந்திருக்கும். நியாத்தோவும் சாயமும் போதும்.

ஆணி அடிக்கலாமா, திருகாணியா, வேறு மூட்டா?

காலும் சட்டமும் சேரும் இடத்தில் துளையும் அதில் நுழையும் கழுந்தும். அதில் சமரசம் வேண்டாம். ரேடியோ கனம் நேராகக் கீழே இறங்குவதில்லை. குமிழைத் திருகும்போதும் பிள்ளைகள் சாயும்போதும் கால் பக்கவாட்டில் ஆடும். வெறும் திருகாணி போட்டால் ஆறே மாதத்தில் துளை பெருகிவிடும். கழுந்தின் தடிமன் சட்டத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, இன்றும் சரி.

பசைக்கு வெள்ளைத் தச்சுப் பசையே போதும். ‘ஒரிஜினல் என்றால் வச்சிரம்தானே’ என்று ஒருவர் வாதாடினார். தோலும் எலும்பும் காய்ச்சிய அந்தப் பசை சூட்டிலும் ஈரத்திலும் இளகும். பழைய ஸ்டாண்டுகள் இங்கே கால் ஆடி விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பழைய ஸ்டாண்டை ரிப்பேர் செய்தால் வச்சிரம் நல்லது, பிறகு கழற்றலாம். புதிதாகச் செய்வதில் அந்தப் பலவீனத்தையும் சேர்த்து நகல் எடுக்க வேண்டியதில்லை.

ரேடியோ நழுவாமல் இருக்க ஸ்டாண்டோடு சேர்த்துத் திருகலாமா?

வேண்டாம். இதற்கு மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டுகளில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் மின்கம்பியின் ஒரு முனையோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். பிளக்கைத் தவறான பக்கம் இணைத்திருந்தால் அந்தச் சட்டம் முழுக்க 230 வோல்ட். சட்டத்தைப் பெட்டியோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் அடிப்பலகை வழியாகத்தான் வெளியே வரும். அவற்றின் தலையை மெழுகாலோ அட்டையாலோ மூடி அனுப்பியிருப்பார்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீளமான போல்ட் போட்டு ஸ்டாண்டுக்கு அடியில் நட்டு முடுக்கிய ஒரு செட்டை நான் பார்த்திருக்கிறேன். துடைக்க அடியில் கையை விட்டவர் தப்பியது புண்ணியம்.

நழுவாமல் இருக்க மேல் பலகையின் மூன்று பக்கமும் மூன்று நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்) உயரத்துக்கு மெல்லிய ரீப்பர் ஒட்டுங்கள். அடியில் காற்றுத் துளைகள் இருந்தால் அவற்றை மூடாதீர்கள். வால்வும் மின்தடைகளும் நன்றாகச் சுடும், காற்று கீழிருந்து மேலே ஏறவேண்டும். இரண்டு குறுக்குச் சட்டத்தில் உட்கார வைத்த அந்தப் பழைய தச்சருக்கு இது தெரிந்திருந்ததா, மரத்தை மிச்சம் பிடித்தாரா, யார் கண்டது.

பாலிஷ் என்ன போடுவது?

ரேடியோவின் பின்பக்க ஓரத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். அசையாவிட்டால் தின்னர் தொட்டுப் பாருங்கள், இளகினால் லாக்கர். 1930-களிலிருந்தே தொழிற்சாலை ரேடியோக்களில் பெரும்பாலும் லாக்கர்தான். ஆனால் உள்ளூர் ஸ்டாண்டு என்றால் அரக்கு. கடையில் ‘ஷெலெக்’ என்று கேளுங்கள். வார்னிஷையும் அதே பெயரில் தருவார்கள், செதில் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 240 கிராம் செதில் போட்டு ஒரு இரவு ஊறவிட்டு வடிகட்டுங்கள். பழைய பருத்தித் துணிக்குள் பஞ்சை வைத்து முட்டை அளவுக்குப் பொட்டலம் கட்டி, அதில் பாலிஷை விட்டு, மரத்தில் வட்டம் வட்டமாகத் தேயுங்கள். பொட்டலம் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, நின்றால் ஒட்டி உரியும். நாளைக்கு மூன்று நான்கு பூச்சு, நடுவே 400 எண் உப்புத்தாளால் ஒரு மென்மையான தடவல். கரைத்த அரக்கு இந்தச் சூட்டில் சில மாதம்தான் தாங்கும். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், மறுநாளும் விரல் ஒட்டினால் கொட்டிவிடுங்கள்.

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில்தான் நன்றாகக் காயும்.

பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டது. கெட்டுப்போச்சா?

இல்லை, காற்று ஈரம் சிக்கியிருக்கிறது. வெயில் நாளில் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட பொட்டலத்தை ஒரே வீச்சில் இழுத்துவிடுங்கள், போய்விடும்.

பழசு மாதிரி தெரிய அங்கங்கே அடித்து நசுக்கலாமா?

சங்கிலியால் அடிப்பது, கோப்பித்தூள் தடவுவது எல்லாம் கோப்பிக்கடை அலங்காரத்துக்குச் சரி. நான் செய்ய மாட்டேன். நிறத்தை மட்டும் ரேடியோவின் இன்றைய நிறத்துக்குப் பொருத்துவேன். அடிப்பக்கத்தில் பென்சிலால் செய்த வருடத்தை எழுதிவிடுவேன். நாளைக்கு லோரோங் கூலிட்டில் யாரும் ஏமாறக் கூடாது.

காலடியில் பொடி உதிர்கிறது. கறையானா?

பொடியை வெள்ளைத் தாளில் தட்டி விரலால் தேயுங்கள். கசகசா மாதிரி தனித்தனி மணியாக உருண்டால் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கறையான். முகப் பவுடர்போல வழுவழுப்பாக இருந்தால் உளுவண்டு. மண் குழாய் ஏறியிருந்தால் தரைக் கறையான், அப்போது ஸ்டாண்டைவிட வீட்டைப் பார்ப்பது அவசரம். புதிதாகச் செய்யும்போது மரத்தின் வெளிர்ந்த வெளிப்பகுதியைக் கழித்துவிடச் சொல்லுங்கள், உளுவண்டு முதலில் அதைத்தான் தேடும்.

தச்சரிடம் எப்படி விளக்குவது?

பேசி விளக்காதீர்கள். அட்டையில் ஒரு காலையும் ஒரு பக்கச் சட்டத்தையும் நிஜ அளவில் வெட்டிக் கொண்டுபோங்கள். எங்கள் தச்சருக்கு மலாய் பாதி, ஹொக்கியன் சீனம் பாதி. எனக்கு மலாய் முக்கால், ஹொக்கியன் சுத்தமாகத் தெரியாது. முதல் முறை தாளில் எழுதிக் கொடுத்தேன், மில்லிமீட்டரில். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பெராப்பா இஞ்சி?” என்றார், எத்தனை அங்குலம் என்று. அப்பா காலத்து ஆசாரிகள் ‘ஆறு நூல்’ என்று சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், ஆறு நூல் என்றால் முக்கால் அங்குலம். மொழி வேறு, கணக்கு ஒன்று. இப்போது அட்டையோடு ரேடியோவையும் காரில் வைத்துக் கொண்டுபோகிறேன். பெட்டியைத் தன் கையால் ஒரு தடவை தூக்கிப் பார்த்தால், கால் எவ்வளவு தடிமன் என்று அவரே முடிவு செய்வார்.

எவ்வளவு ஆகும்?

கடைசியாகச் செய்ததற்கு மரம் 180 வெள்ளி (ரிங்கிட்), கூலி 350. பாலிஷ் என் வேலை, அதற்குக் கணக்கு இல்லை.

ஸ்டாண்டெல்லாம் சரி, ரேடியோவில் மின்னல் எஃப்எம் (இங்குள்ள அரசுத் தமிழ் வானொலி) கேட்குமா?

அநேகமாகக் கேட்காது. மத்திய அலையும் சிற்றலையும் மட்டுமே உள்ள செட் அது. எஃப்எம் பட்டை உள்ள 1950-களின் ஜெர்மன் செட்டுகள் சிலவற்றில் முள் 100 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதற்கு மேல் உள்ள நிலையம் வராது.

புதிது செய்து முடித்தபின் பழைய ஸ்டாண்டு கிடைத்துவிட்டால்?

எங்கள் வீட்டிலேயே நடந்தது. மாமாவின் அப்பா கெடாவில் ஒரு தோட்டத்தில் கிராணியாராக இருந்தவர். அவருடைய பேட்டரி ரேடியோவுக்கு ஒரு படத்தை வைத்து ஸ்டாண்டு செய்தேன். கீழ்த்தட்டு படத்தில் துணிக்குப் பின்னால் மறைந்திருந்தது, ஊகித்துப் போட்டேன். இரண்டு வருடம் கழித்து புக்கிட் மெர்தாஜாமில் ஒரு அத்தை வீட்டுக்குத் தீபாவளிக்குப் போனபோது, சமையலறை மூலையில் கம்பிவலை அடித்த சாப்பாட்டு அலமாரி ஒன்றைப் பார்த்தேன். கால்களைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. 1963 டிசம்பரில் டெலிவிஷன் வந்து, அதற்குமுன்பே டிரான்சிஸ்டரும் வந்து, பெரிய ரேடியோ பரணுக்கு ஏறியபின் யாரோ அதைச் சுற்றி வலை அடித்திருக்கிறார்கள்.

குனிந்து அளந்தேன். உயரம் என்னுடையதைவிட ஒரு நூல்தான் அதிகம். நாலு காலிலும் தரையிலிருந்து இரண்டு அங்குலத்தில் கறுத்த வளையம், எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருந்த தடம். கீழ்த்தட்டில்தான் நான் தோற்றேன். நான் சமப் பலகை போட்டிருந்தேன். இதில் முன் விளிம்பில் பேட்டரி முன்னால் நழுவாமல் ஒரு ரீப்பர், நடுவில் செவ்வகமாக அழுந்திய பள்ளம், பின்னால் ஒயருக்கு அரைவட்ட வெட்டு. கத்தியால் குடைந்த வெட்டு அது, உளித் தடமே இல்லை. தாத்தாவே குடைந்திருக்க வேண்டும்.

அத்தையிடம் கேட்டேன். “அதைக் கொடுத்துட்டா என் கருவாட்டை எங்க வைக்கிறது? வேணும்னா நீ அந்த ரேடியோவை இங்க கொண்டாந்து வை” என்றார். அளவை மட்டும் குறித்துக்கொண்டு வந்து, என் தட்டைக் கழற்றி அதேபோல வேறு தட்டு போட்டேன். அரைவட்டத்தைப் பேனாக்கத்தியால் குடைய ஒரு சாயங்காலம் முழுக்கப் பிடித்தது.